நகைப்புப் படங்களும் நலிந்தோர் வாழ்வும்



பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில், செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட நகைப்புப் படங்கள் பெருகின. கடைக்காரர் அவற்றைச் சாளரத்தில் தொங்கவிடுவர். வாங்க இயலாதார் தெருவில் நின்றே கண்டு சிரிப்பர். நோயும் வறுமையும் அப்படங்களுக்கு ஓயாத பொருளாயின. அவற்றை நாம் எவ்வாறு பார்த்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

1751இல் வில்லியம் ஹோகார்த் 'ஜின் லேன்' என்னும் படத்தை வெளியிட்டார். போதையில் மயங்கிய தாயின் கையினின்று குழந்தை நழுவி விழுகிறது. தச்சன் ரம்பத்தையும், இல்லத்தாள் சமையற் பாத்திரங்களையும் அடகுக் கடைக்குக் கொண்டு வருகின்றனர். தொழிற்கருவியும் அடுப்புப் பாத்திரமும் போனபின் குடும்பம் எதைக்கொண்டு பிழைக்கும்? ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. படம் பயன் தந்தது உண்மையே. ஆயினும் அதில் ஏழையின் குற்றம் முன்னே நிற்கிறது. அவன் வறுமையின் காரணம் பின்னே மறைகிறது.

1799இல் ஜேம்ஸ் கில்ரே, செல்வர் நோயெனக் கருதப்பட்ட 'கவுட்' என்னும் மூட்டுநோயை வரைந்தார். வீங்கிய பாதத்தில் ஒரு குட்டிப்பேய் பல்லைப் பதிக்கிறது. நோயாளியின் முகமே படத்தில் இல்லை. அங்கே நகைப்புக்கு ஆளாவது நோய், நோயாளி அல்லன்.

1828இல் வில்லியம் ஹீத் வரைந்த படத்தில், தேம்ஸ் நீரை நுண்ணோக்கியில் கண்ட பெண்மணி, நெளியும் கொடிய உருவங்களுக்கு அஞ்சித் தேநீர்க் கோப்பையை நழுவவிடுகிறாள். அந்நீரை விற்ற கம்பெனிகளே அப்படத்தின் இலக்கு.

1854இல் மருத்துவர் ஜான் ஸ்னோ, பிராட் தெருவின் கைப்பம்பு நீரே அங்கே காலராவைப் பரப்பியது எனக் காட்டினார். பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. எனினும் 1866இல் கிழக்கு இலண்டனில் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அவ்வாண்டு 'ஃபன்' இதழில் ஜார்ஜ் பின்வெல் வரைந்த படத்தில், எலும்புக்கூடு ஒன்று பம்பை அடித்து ஏழைப் பெண்டிருக்கும் சிறார்க்கும் நீர் வழங்குகிறது. வட்டார நிருவாகத்தின் அனுமதியோடு ஏழைகட்குச் சாவு இலவசம் என்பதே அதன் தலைப்பின் கருத்து. நீர் பிடிக்க வந்தோரைக் கண்டு எவர் நகைப்பார்? அந்நீரை அவர்கட்கு விட்டுவைத்தோரே நாணவேண்டியவர்.

இளைஞர்களே! துன்புறுவோனை நகைக்கும் படமும் உண்டு. துன்பம் செய்தோனை நகைக்கும் படமும் உண்டு. இரண்டையும் பிரித்தறியக் கல்வி வேண்டும். எந்தக் கேலிச்சித்திரத்தைக் கண்டாலும், வரைந்தவர் எவர், வாங்குபவர் எவர், சிரிப்புக்கு ஆளாவோர் எவர் எனக் கேளுங்கள். கேட்டதோடு நில்லாது, நம் வீட்டுத் துன்பத்தை நாமே எழுதவும் வரையவும் பழகுவோம்.