மணி நின்ற பிறகு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் எங்கள் வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)



"முதுமையும் ஓய்வும்" என்ற தலைப்பில் பேச எங்கள் வகுப்பைக் கேட்டிருந்தார்கள். தலைப்பைப் பார்த்ததும் எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது. பிறகு கண்ணாடியைப் பார்த்தோம், கோபம் ஆறிவிட்டது.

இந்தத் துறைமுகத்து ஊரில் நாங்கள் மணியோசை கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு பக்கம் கோணேசர் கோவில் மணி, மறுபக்கம் மாதா கோவில் மணி, இடையில் பள்ளிவாசல் பாங்கு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடசாலை மணி. அது அடித்தால் எழுந்தோம், இருந்தோம், ஓடினோம். பின்னர் எங்களிலே பலர் ஆசிரியைகளாகி, தாதியராகி, கந்தோர்களில் வேலை பார்த்து, வேறு மணிகளுக்கு ஓடினோம். ஓய்வு பெற்ற அன்று மணி நின்றுவிட்டது. இப்போது காலைத் தேநீர் பத்து மணிக்கும் ஆகலாம். மத்தியானச் சோறு மூன்று மணிக்கும் ஆகலாம். பிள்ளைகள் டொரொண்டோவிலும் சிட்னியிலும் இருந்து அழைக்கும் நேரம்தான் எங்கள் நேரம்.

ஆகவே, வயது போன பிறகும் மணிக்கு எழுந்த ஒருவரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தோம். அவர் ஒரு கத்தோலிக்கத் துறவி, குருவானவர்.

துறவிமடம் என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது யாழ்ப்பாணத்துத் தோலகட்டி. அருட்தந்தை தோமஸ் அடிகளார் 1928ஆம் ஆண்டு தொடங்கிய செபமாலைத் துறவிகளின் மடம் அது. அங்கிருந்து வந்த நெல்லிரசம் குடிக்காத வீடு எங்கள் காலத்தில் குறைவு. நாங்கள் பேசப் போகிறவர் அதே தவவழியை அக்கரையில், காவிரிக் கரையில் நடத்தியவர்: பீட் கிரிஃபித்ஸ் அடிகளார்.

1906இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட்டில் இலக்கியம் படித்தார்; எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் அங்கே அவருடைய ஆசிரியர். பிறகு கத்தோலிக்கராகி, பெனடிக்ட் சபைத் துறவியாகி, 1940இல் குருப்பட்டம் பெற்றார். 1955இல் இந்தியாவுக்கு வந்தார். 1968இல், அறுபத்தோராவது வயதில், தமிழ்நாட்டில் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியிலுள்ள சாந்திவனத்தைப் பொறுப்பேற்றார். 1950இல் இரண்டு பிரெஞ்சுக் குருமார் தொடங்கிய ஆச்சிரமம் அது. நாங்கள் ஓய்வூதியப் படிவம் நிரப்பிய வயதில் அவர் புது இடத்தில் வேலை தொடங்கியிருக்கிறார்.

தமிழ்நாட்டுக்கு யாத்திரை போனபோது எங்களில் நால்வர் அங்கே தங்கினோம். இருவர் சைவர், இருவர் வேதக்காரர். அடிகளார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் அவர் வாழ்ந்த நாளின் ஒழுங்கு அங்கே அப்படியே நடக்கிறது. விடியுமுன் மணி. சூரியன் எழும் நேரத்தில் மௌனத் தியானம். பிறகு காலைச் செபமும் திருப்பலியும். நடுப்பகலில் ஒரு செபம். மாலையில் மறுபடி தியானம், செபம். காலையில் நெற்றிக்குச் சந்தனம், பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. உபநிடதமும் வாசிப்பார்கள், வேதாகமமும் வாசிப்பார்கள், எங்கள் தேவார திருவாசகமும் அங்கே ஒலிக்கும். திருப்பலியில் நீரும் பூவும் தூபமும் கற்பூரத் தீபமும் காட்டுகிறார்கள். சாப்பாடு மரக்கறி, தரையில் சப்பாணி கட்டியிருந்து கையால் சாப்பிட வேண்டும். எங்களுக்கும் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. யாத்திரைக்கு வந்தும் அரிவாள்மணை விடவில்லையே என்று சிரித்தோம்.

அடிகளார் காவி உடுத்து, சிறு குடிசையொன்றில் இருந்தார். கடிதம் எழுதியவர்களுக்குப் பதில் எழுதுவார். வந்தவர்களை ஒவ்வொருவராக இருத்தி அவர்கள் கதையைக் கேட்பார். பின்னேரத் தேநீருக்குப் பிறகு எல்லோரையும் கூட்டிப் பேசுவார். அவருடைய நாளில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. நேற்றுச் செய்ததை இன்றும் செய்தார், அவ்வளவுதான்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். காவியும் ஓங்காரமும் எதற்கு என்று கத்தோலிக்கர் சிலர் கேட்டார்கள். இது மதம் மாற்றப் போட்ட வேடம் என்று இந்துக்கள் சிலர் எழுதினார்கள். எங்கள் நால்வருக்குள்ளும் அன்றிரவு அந்த விவாதம் நடந்தது. முடிவு காணாமலே படுத்தோம். ஆனால் ஒன்றை நால்வரும் ஒப்புக்கொண்டோம். அவர் தம் விசுவாசத்தை ஒரு நாளும் விடவில்லை. நாள் தவறாமல் திருப்பலி அங்கே நடந்தது. தன் வீட்டில் உறுதியாக இருப்பவர்தான் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பயமில்லாமல் இருக்கலாம். திருகோணமலையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நாங்கள் உண்மையில் சொல்ல வந்தது இனித்தான்.

1990 ஜனவரியில், எண்பத்து மூன்றாவது வயதில், விடியற்காலைத் தியானத்தில் இருந்தபோது அவருக்குப் பாரிசவாதம் வந்தது. சில நாட்கள் பேச்சில்லை. சீடர்கள் இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து பராமரித்தார்கள். அந்த நாட்களில் "அன்னையிடம் உன்னை ஒப்படை" என்ற உணர்வு தமக்குள் எழுந்ததாகவும், அதற்கு இணங்கியபோது அன்பு வெள்ளம்போல் வந்து தம்மை மூடியதாகவும் அவர் பின்னர் சொன்னார். அதுவரை அறிவாலேயே அதிகம் வாழ்ந்ததாகவும், தம்முள் இருந்த பெண்மை அன்றுதான் விழித்ததாகவும் சொன்னார். தேறி எழுந்து, மறுபடி வெளிநாடுகளுக்கும் போய்ப் பேசினார். 1993 மே 13ஆம் திகதி சாந்திவனத்திலேயே காலமானார்.

இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். ஏன் என்று கேட்டோம். "எனக்கு யாரும் செய்தால் பிடிக்காதே" என்றாள். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வந்த அன்றே, பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் போட எழும்பியவள் அவள். கணவர் காலமான பிறகு தனியே இருக்கிறாள். தங்கை வீட்டுச் சாப்பாட்டைக்கூடத் திருப்பி அனுப்புவாள், "கரைச்சல் எதற்கு" என்று.

நாங்கள் எல்லோரும் அப்படித்தான். பாடசாலை எங்களுக்குச் சேவை செய்யப் படிப்பித்தது. அதை நன்றாகவே படித்தோம். கடைசியாகச் சாப்பிட்டு முதலில் எழும்பினோம். வாங்கிக்கொள்ளும் பாடம் மட்டும் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. உலகமெல்லாம் படித்து, எண்பது வயது வரை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு துறவியே அதைப் படுக்கையில் கிடந்துதான் படித்திருக்கிறார். அத்தனை வருடம் மணிக்கு எழுந்து பழகியதால்தான் அந்த விடியலில் அவர் அகப்பட்ட இடம் தியானமாக இருந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் வகுப்பினர் இரண்டு ஒழுங்குகள் செய்துகொண்டோம். ஒன்று, காலை ஆறு மணிக்கு எழும்பி, அவரவர் முறைப்படி கும்பிட்டுவிட்டு, வட்ஸ்அப் குழுவில் "வந்தேன்" என்று ஒரு சொல் போடவேண்டும். ஏழு மணிவரை வராதவரின் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் போய்ப் பார்ப்பார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவரவர் ஊர் ஆறு மணி. இரண்டு, யாராவது சமைத்துக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பாத்திரத்தைக் கழுவி வெறுமனே கொடுக்கலாம். நிரப்பிக் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலாவது சுலபமாக நடக்கிறது. இரண்டாவதுக்கு இன்னும் பயிற்சி வேண்டும். முழங்கால்காரி இப்போது தங்கை வீட்டுச் சாப்பாட்டை வாங்கிக்கொள்கிறாள். ஆனால் பாத்திரத்தில் இரண்டு மாங்காயாவது வைத்துத்தான் அனுப்புகிறாள்.

எங்கே இருந்தாலும், அக்காமாரே, தங்கைமாரே, உங்கள் வகுப்புக்கும் ஒரு மணியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்.