வாசலை அடைப்பதும் வாசலில் நிற்பவரைக் காப்பதும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு நாடு தன் எல்லையை அடைக்கும்போது, அந்த நாட்டை நம்பி வாழும் மக்களுக்கு என்ன நேர்கிறது என்பது குறித்துச் சில செய்திகளைக் கூற விழைகின்றேன். கொரோனாவைப் பற்றி இப்போது பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அந்த அவசரநிலையை முடித்துக்கொண்டது உண்மையே. ஆயினும், வானம் பார்த்த கரிசல் பூமியில் பிறந்த நம்மவர் பலருக்கு வளைகுடா நாடுகளே இன்றும் பிழைப்புக் களமாக உள்ளன. ஆகவே, அடுத்த முறை வாசல் அடைபடும்போது நாம் ஆயத்தமாக இருக்கின்றோமா என்பது நமது அடுப்பங்கரையைத் தொடும் கேள்வியாகும்.

முன்னோர் கண்ட நெறி

நோய்க்காகப் பயணத்தைத் தடுப்பது புதிய வழக்கமன்று. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 639 வாக்கில், சிரியாப் பகுதியில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அங்குச் சென்றுகொண்டிருந்த கலீபா உமர் (ரலி) அவர்கள், சர்ஃக் என்னும் இடத்தில் செய்தியறிந்து, தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து விலகி ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது தோன்றினால் தப்பியோட வெளியேறவும் வேண்டாம் என்ற கருத்துடைய நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அங்கே எடுத்துரைத்தார்கள்.

இந்நெறிக்கு இரு பக்கங்கள் உண்டு. வெளியே இருப்பவருக்கு நுழைவுத் தடை. உள்ளே இருப்பவருக்கு வெளியேறும் தடை. சுமையை இரு தரப்பாரும் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரு விதி நேர்மையானதா என்பதை அளந்தறிய இதனையே நாம் அளவுகோலாகக் கொள்ளலாம்.

கமரான் தீவும் தட்டப்பாறையும்

1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவி, ஏறத்தாழ 15,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகின்றது. அந்நோய் எகிப்து வழியாக ஐரோப்பாவையும் எட்டியது. அடுத்த ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடிற்று. 1882இல் உதுமானிய அரசு செங்கடலில் உள்ள கமரான் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் ஒன்றை அமைத்தது. தென்திசையிலிருந்து கப்பலில் வந்த இந்திய ஹாஜிகள் அங்கே இறங்கிப் பல நாட்கள் தங்கிய பின்னரே ஜித்தா செல்ல இயன்றது. அங்கு வாங்கப்பட்ட கட்டணம் குறித்தும், நடத்தப்பட்ட முறை குறித்தும் குறைகள் நெடுங்காலம் எழுந்துகொண்டே இருந்தன. பம்பாயில் பிளேக் பரவியதால் 1897இல் அங்கிருந்து ஹஜ் கப்பல்கள் புறப்படுவதும் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டமே 2020இலும் நம் நாட்டில் பயன்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவை தொலைதூரச் செய்திகள் என்று எண்ண வேண்டாம். மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி செல்லும் இருப்புப் பாதையில் உள்ள தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும், இலங்கைக்குச் செல்லும் தொழிலாளர்களுக்கான முகாம்கள் இருந்தன. தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம் பகுதி ஏழை மக்கள், நோயில்லை என்று மருத்துவர் சொல்லும் வரை அம்முகாம்களில் காத்திருந்தனர். இன்னொரு நாட்டின் நுழைவு விதி, அன்றே நமது மண்ணில் வந்து நின்று நம்மவரைச் சோதித்தது.

2020இல் அடைபட்ட வாசல்

2020 பிப்ரவரி 27 அன்று வெளிநாட்டு உம்ராப் பயணிகளின் வருகையைச் சவூதி அரேபியா நிறுத்தியது. மார்ச் 4 அன்று உள்நாட்டவருக்கும் உம்ரா நிறுத்தப்பட்டது. மார்ச் 15 முதல் பன்னாட்டு விமானங்கள் நின்றன. மார்ச் 22 முதல் இந்தியாவும் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் தரையிறங்குவதைத் தடுத்தது. வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து நமது நாட்டில் மீண்டும் தொடங்கியது 2022 மார்ச் 27 அன்றுதான். இடைப்பட்ட ஈராண்டுக் காலமும் சிறப்பு விமானங்களையும், இரு நாடுகளுக்கிடையிலான தனி உடன்படிக்கை விமானங்களையுமே மக்கள் நம்பியிருந்தனர்.

2019இல் ஏறத்தாழ 25 லட்சம் பேர் நிறைவேற்றிய ஹஜ்ஜை, 2020இல் சவூதியிலேயே வசித்தவர்களுள் மிகச் சிலரே நிறைவேற்றினர். அவ்வாண்டு இந்தியாவில் விண்ணப்பித்திருந்த 2 லட்சத்து 13 ஆயிரத்திற்கும் மேற்பட்டோருக்குப் பணம் பிடித்தமின்றித் திருப்பியளிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2021இல் உள்நாட்டில் இருந்த 60,000 பேருக்கு மட்டும் அனுமதி. 2022இல் 10 லட்சம் பேருக்கு அனுமதி கிடைத்தபோது, இந்தியாவுக்கு 79,237 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால், 65 வயதுக்குட்பட்டவர் மட்டுமே செல்லலாம் என்ற விதி இருந்தது. சென்னை புறப்பாட்டு மையம் அவ்வாண்டு இல்லாமையால், தமிழகத்து ஹாஜிகள் கொச்சியிலிருந்து சென்றனர். 2020இல் 64 வயதில் பெட்டி கட்டி ஆயத்தமான பெரியவர், 2022இல் வயதின் காரணமாகவே தடுக்கப்பட்டார். வயது வரம்பு நீங்கிய 2023ஆம் ஆண்டைக் காணாமலே மறைந்தவர்களும் உண்டு. நோயின் பெயரால் மறுக்கப்பட்ட இரண்டாண்டுகள் ஒரு முதியவருக்கு எத்துணை பெரிது என்பதை எண்ணிப்பாருங்கள்.

நமது துறைமுகத்தில் வந்திறங்கியவர்கள்

2020 மே 7 அன்று ‘வந்தே பாரத்’ விமானங்கள் தொடங்கின. கடற்படைக் கப்பல்களும் அனுப்பப்பட்டன. நம் மாவட்டத் தலைநகராம் தூத்துக்குடிக்கு, ஜலஷ்வா என்னும் கப்பல் ஜூன் மாதத் தொடக்கத்தில் கொழும்பிலிருந்தும், அடுத்து மாலத்தீவிலிருந்தும், ஜூலை 1 அன்று ஈரானிலிருந்தும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 700 பேரை ஏற்றி வந்தது. ஈரானிலிருந்து வந்தவர்களுள் தமிழக மீனவர்கள் பலர். தாயகம் திரும்புவது குடிமகனின் உரிமை. அவ்வுரிமையைக் கூட வரிசையில் நின்று, பெயர் பதிந்து, முறை வரும் வரை காத்திருந்து பெற வேண்டியிருந்த காலம் அது. வந்தவர்களும் 14 நாட்கள் தனித்திருக்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் இறப்பு நேர்ந்தவர், கருவுற்றவர், கடும் நோயாளி, 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடன் வந்த பெற்றோர் ஆகியோருக்கு அந்நாட்களை வீட்டிலேயே கழிக்க விலக்கு இருந்தது. அவ்விலக்கைக் கேட்டுப் பெறலாம் என்று அறிந்தவர் பயனடைந்தனர். அறியாதவர் அதனை இழந்தனர்.

திரும்பிச் செல்ல இயலாதவர்கள்

விடுப்பில் ஊர் வந்து மாட்டிக்கொண்டவர்களின் துன்பம் இன்னும் நீண்டது. 2020 செப்டம்பரில் இந்தியாவுடனான போக்குவரத்தைச் சவூதி நிறுத்தியது. 2021 பிப்ரவரியில் இந்தியா உள்ளிட்ட 20 நாடுகளிலிருந்து வருவதற்குத் தடை விதித்தது. தடையில்லாத வேறொரு நாட்டில் 14 நாட்கள் தங்கிவிட்டுச் செல்லலாம் என்ற வழி மட்டும் எஞ்சியது. கடன் வாங்கித் துபாய் சென்றவர்கள், அந்த நாடும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டதால் நடுவழியில் நின்றனர். நேபாளம் வழியாகச் செல்ல முயன்றவர்களுக்கு, ஏப்ரல் இறுதியில் அந்நாடும் அவ்வழியை மூடியது. விதி மாறிய நாளில் எவர் எங்கே இருந்தாரோ, அதுவே அவரது பிழைப்பைத் தீர்மானித்தது.

அடுத்து வந்தது தடுப்பூசி. கோவிஷீல்டும் ஆஸ்ட்ராஜெனகாவும் ஒன்றே என்பதால் அது ஏற்கப்பட்டது. கோவேக்சினோ 2021 நவம்பர் 3 அன்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்றது. அரசு மருத்துவமனையில் அன்று எது இருந்ததோ அதைப் போட்டுக்கொண்டவர், மாதக்கணக்கில் காத்திருந்தார். கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு 12 முதல் 16 வாரம் இடைவெளி என்றிருந்த நிலையில், கல்விக்கும் வேலைக்கும் வெளிநாடு செல்பவர் 28 நாட்களுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம் என்று ஜூன் மாதம் நமது அரசு விலக்களித்தது. சான்றிதழில் கடவுச்சீட்டு எண்ணைச் சேர்க்கும் வசதியும் வந்தது. இங்கேதான் நம்மவருக்கே உரிய ஓர் இடர் முளைத்தது. ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டிலோ அப்பெயர் முழுமையாக. இரு தாள்களிலும் பெயர் ஒத்துவராமையால் அலைந்தவர் பலர்.

2021 ஆகஸ்டில், சவூதியிலேயே இரு தவணையும் போட்டுக்கொண்டு ஊர் வந்தவர்கள் மட்டும் நேராகத் திரும்பலாம் என்று அறிவிக்கப்பட்டது. அதே மருந்தை இங்கே போட்டுக்கொண்டவருக்கு அவ்வழி திறக்கவில்லை. டிசம்பர் 1 முதல்தான் 5 நாள் தனிமைப்படுத்தலுடன் இந்தியர் நேராகச் செல்ல இயன்றது. 2022 மார்ச் மாதத்தில் பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் நீக்கப்பட்டன.

நீதி எங்கே, குறை எங்கே?

குறைகளை மட்டும் கூறுவது நேர்மையாகாது. இக்காமா காலாவதியானால் வேலையே போய்விடும். வெளிநாடுகளில் மாட்டிக்கொண்டோரின் இக்காமாவைச் சவூதி அரசு கட்டணமின்றிப் பலமுறை நீட்டித்தது. உரிய ஆவணம் இல்லாமல் தங்கியிருந்தோர் உட்பட, அந்நாட்டில் இருந்த அனைவருக்கும் கொரோனா சிகிச்சை இலவசம் என 2020 மார்ச் இறுதியில் அறிவித்தது. வாசலை அடைத்த கையே வாசலில் நின்றவரையும் ஓரளவு தாங்கிக்கொண்டது.

உலக நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ள 2005ஆம் ஆண்டுப் பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகளும் இதனையே வலியுறுத்துகின்றன. நோயைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் பயணத்தை முடக்கலாகாது. கடுந்தடை விதிக்கும் நாடு அதற்கான காரணத்தை உலக சுகாதார நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தனிமைப்படுத்தப்பட்டவருக்கு உணவும் உறைவிடமும் தந்து கண்ணியமாக நடத்த வேண்டும். எனவே, அடைப்பது குற்றமன்று. ஒரே மருந்துக்கு இரு நீதி வைப்பதும், புறப்பட்டுவிட்டவரை நடுவழியில் நிறுத்துவதும், சுமை முழுவதையும் கூலிக்குச் செல்பவன் தலையில் ஏற்றுவதுமே குறைகள்.

நாம் செய்யத்தக்கவை

அரசுகளின் விதியை நாம் எழுத இயலாது. அவ்விதியின்முன் நம்மவர் திகைத்து நிற்காமலிருக்க வழி செய்ய இயலும். நிர்வாகக் குழுவின் கவனத்திற்கு ஐந்து கருத்துகளை வைக்கின்றேன்.

முதலாவது, ஆதார், கடவுச்சீட்டு, பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசிச் சான்றிதழ் ஆகிய அனைத்திலும் பெயர் ஒரே எழுத்தில் அமைய வேண்டும். பிள்ளைகளுக்குப் பெயர் பதியும் நாளிலேயே இதனைக் கவனியுங்கள்.

இரண்டாவது, வெளிநாட்டில் உள்ள நமது மஹல்லாவாசிகளின் பதிவேடு ஒன்று வேண்டும். எந்த நாடு, கடவுச்சீட்டும் இக்காமாவும் எதுவரை செல்லும், ஊரில் தொடர்பு கொள்ள வேண்டியவர் யார் என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். செயலாளர் அதனை அமானிதமாகப் பாதுகாக்க வேண்டும்.

மூன்றாவது, கணினி அறிந்த இளைஞர் இருவரை நியமித்து, தூதரகமும் அரசும் வெளியிடும் அறிவிப்புகளை மட்டும் படித்துத் தமிழில் பள்ளிவாசல் பலகையில் எழுதச் செய்யலாம். எந்த நாள் முதல், யாருக்கு, எதுவரை, விலக்கு யாருக்கு என்ற நான்கும் அதில் இடம்பெற வேண்டும். கைப்பேசியில் பரவும் செய்தியை நம்பிப் பயணச்சீட்டு எடுத்தோர் பட்ட பாடு போதும்.

நான்காவது, வேலைக்குச் செல்வோர் தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளத் துணை நிற்போம்.

ஐந்தாவது, நடுவழியில் நிற்பவரின் குடும்பத்திற்குச் சில மாதங்களாவது கைகொடுக்கும் வகையில், பைத்துல்மாலில் தனி ஒதுக்கீடு வேண்டும். ஊரார் வீட்டில் அடுப்பெரிகின்றதா என்று பார்ப்பதும் ஜமாஅத்தின் கடமையே.

அன்பர்களே! நோய் கண்ட ஊருக்குள் நுழையாதிருப்பதும், நோயோடு வெளியேறாதிருப்பதும் பிறர் உயிருக்காக நாம் செய்யும் தியாகம். அத்தியாகத்தின் செலவை ஒரு தனிமனிதனிடம் விட்டுவிடாமல் ஊரே பகிர்ந்துகொள்ளுமானால், எந்த வாசல் அடைபட்டாலும் நம்மவர் எவரும் தனித்து நிற்க மாட்டார். இக்கருத்துகளை நிர்வாகக் குழு ஆராய்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகின்றேன்.