ஊஞ்சல் யாருடையது?

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

வீடு கைமாறும்போது வரும் தகராறுக்குப் பெரிதும் காரணம் விற்பவர் வாயா, வாங்குபவர் கண்ணா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அழகாகச் சொன்னார். கத்தரிக்காய் வாங்கும்போதே காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம், வீடு வாங்கும்போது கண்ணைத் திறந்து பார்க்க வேண்டாமா என்று கேட்டார். ஐயா, கத்தரிக்காயில் பூச்சி இருக்கான்னு பார்க்கலாம். அது யார் தோட்டத்துக் காய்னு காம்புல எழுதியிருக்குமா? (சிரிப்பு)

அவ்வளவுதாங்க என் வாதம். கண்ணுக்குப் பொருள் தெரியும். அது யாருடையது என்று தெரியாது. அதை விற்கிறவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

நம்ம முன்னோர்கள் நிலத்தைக் கொடுத்தபோது கல்லிலே எழுதி வைத்தார்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் சேர்த்துக் கொடுத்தோம் என்று வரும். உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமெல்லாம் என்று வரும். பின்னால் வந்த பத்திரங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று எட்டு போகத்தையும் அடுக்குவார்கள். அதாவது புதையல், தண்ணீர், கல் எல்லாம் உனக்கே. அதிலெல்லாம் தகராறு குறைவு. ஏன்? கிணறு எழுந்து, "நான் சின்ன மருமகளுக்குச் சொந்தம்"னு நடந்து போகாது! (கைதட்டல்)

சட்டமும் ஓரளவு கைகொடுக்கிறது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், எட்டாவது பிரிவு. வீட்டை விற்றால் பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல், இன்னும் அந்த வீட்டின் நிரந்தர உபயோகத்துக்காக வைத்த பொருள்கள் எல்லாம் வீட்டோடு சேர்ந்தே போகும், வேறு மாதிரி எழுதாவிட்டால். ஆகவே கதவைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. முயற்சி செய்தவர்கள் உண்டு, அது வேறு கதை.

சிக்கல் எங்கே வருகிறது? பாதி ஒட்டி, பாதி ஒட்டாமல் இருக்கிற பொருள்களில். மோட்டார், தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி, ஊஞ்சல். இங்கிலாந்தில் 1872இல் ஒரு வழக்கு. ஆலையின் தரையில் ஆணியடித்து வைத்த தறிகள் கட்டடத்தோடு சேர்ந்தவையா, தனிச் சாமானா என்று கேள்வி. கட்டடத்தோடு சேர்ந்தவைதான் என்று தீர்ப்பு. அதில் நீதிபதி ஒரு நல்ல உதாரணம் சொன்னார். காரை பூசாமல் கல்லைக் கல்மேல் அடுக்கிச் சுவர் வைத்தால் அது நிலத்தோடு சேர்ந்தது. அதே கல்லை வியாபாரி தன் இடத்தில் அடுக்கி வைத்திருந்தால் அது வெறும் சரக்கு. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதோடு, எதற்காக வைத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். நம்ம 1882 சட்டத்திலும் இந்த நோக்கம் பற்றிய வார்த்தை இருக்கிறது.

சட்டம் இப்படி இழுபறியாக இருப்பதால்தான் நாம் ஒப்பந்தத்தில் பட்டியல் எழுதுகிறோம். இனி எங்க வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் ஊர் மணலூர்பேட்டை. தென்பெண்ணைக் கரை. தை மாசம் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு வருகிற ஊர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். நான் சொல்வது 2008, அப்போது விழுப்புரம் மாவட்டம். என் அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, அங்கே ஒரு பழைய ஓட்டு வீட்டை விலை பேசினார். விற்றவர் ஒரு பெரியவர். கூடத்தில் உத்தரத்திலிருந்து பித்தளைச் சங்கிலியில் தொங்கிய தேக்குப் பலகை ஊஞ்சல். அதைப் பார்த்ததும் எங்க அக்காவுக்கு வீடே தேவையில்லை, ஊஞ்சல் போதும் என்றாகிவிட்டது! (சிரிப்பு) "ஊஞ்சலும் சேர்த்துத்தானே?" "எல்லாம் சேர்த்துத்தான் தம்பி." விலையில் பத்தாயிரம் கூடியது. ஒப்பந்தத்தில் "கூடத்து ஊஞ்சல், பலகை, சங்கிலி சகிதம்" என்று எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. கண் பார்த்தது, கை எழுதியது. எதிரணி நண்பர்களே, இதற்கு மேல் என் மாமா என்ன செய்திருக்க வேண்டும்?

பத்திரம் முடிந்து சாவி வாங்கப் போனோம். சாமானெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. ஊஞ்சலில் மட்டும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை. பெரியவருடைய மருமகள். புருஷன் இறந்து இரண்டு வருஷம். எழுந்திருக்கவில்லை. மாமா பத்திரத்தை எடுத்து உரக்கப் படித்தார். எங்க அம்மாதான், "கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை, கத்தாதீங்க" என்று அந்தப் பெண்ணிடம் போனார். "ஏம்மா, என்ன?" என்றார். அந்தப் பெண் சொன்னது ஒரே வாக்கியம். "இது எங்க அம்மா வீட்டுச் சீருங்க."

பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடன் நெருக்கடி. அவருக்குத் தெரியாமல் இல்லை. கேட்க வாய் வரவில்லை.

சீர் பெண்ணுக்கே முழுச் சொந்தம், புருஷன் வீட்டார் கையில் இருந்தாலும் அவர்கள் வெறும் பாதுகாவலர்கள் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொல்லிவிட்டது. மாமனார் விற்கக் கூடாது. விற்றாலும், இல்லாத உரிமையை எங்க மாமாவுக்குக் கொடுத்துவிட முடியாது.

எதிரணியில் வக்கீல் தம்பி இருக்கிறார், அடுத்து என்ன சொல்வார் என்று தெரியும். ஒப்பந்தச் சட்டம், பத்தொன்பதாவது பிரிவு, விதிவிலக்கு. எதிராளி தவறாகச் சொல்லியிருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு விசாரித்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க முடியாது. நல்ல பிரிவுதான். ஆனால் தம்பி, வீடு பார்க்கப் போன மனுஷன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "ஏம்மா, இந்த வீட்டுல எதெல்லாம் உன் சீரு?"ன்னு கேட்டா, வாசல்ல செருப்பு மிஞ்சுமா? (சிரிப்பு, கைதட்டல்)

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு என் மாமா பக்கம் நின்று நானும் கத்தினேன். பத்தாயிரம் ரூபாய் அவர் வட்டிக்கு வாங்கிய பணம். போலீசுக்குப் போவோம் என்றுகூடச் சொன்னேன். எங்க அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

நாங்களே பலகையை இறக்கி, சங்கிலியைச் சாக்கில் சுற்றி அவள் அம்மா வீட்டுக்கு ஏற்றி அனுப்பினோம். பெரியவர் அந்தப் பத்தாயிரத்தை மூன்று ஆற்றுத் திருவிழாவில் மூன்று தவணையாகக் கொடுத்தார். கடைசித் தவணை கொடுத்தபோது, "அன்னிக்கே சொல்லியிருக்கணும் தம்பி" என்றார். இதைவிட எனக்கு என்ன சாட்சி வேண்டும், நடுவர் அவர்களே? விற்றவரே என் அணிக்குப் பேசிவிட்டார்!

கொக்கி மட்டும் உத்தரத்தோடு சேர்ந்தது, அது எங்களுக்கு வந்துவிட்டது. அதில் இப்போது அக்கா பேரனுக்குத் தூளி கட்டியிருக்கிறார்கள்.