முகாம் முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை



எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, நான் தலைமையுரை ஆற்றுகிறேன். பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் படபடப்பாகவும் இருக்கிறது.

மதுச் சார்புக்கான நடத்தைச் சிகிச்சைகளை ஊர்ப்புறத்துக்கும் குடியிருப்புகளுக்கும் கொண்டுசெல்வது இந்த மாநாட்டின் பொருள். ஊக்கமூட்டும் நேர்காணல், அறிவுசார் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. 1,726 பேரிடம் மூன்று சிகிச்சை முறைகளை ஒப்பிட்ட புராஜெக்ட் மேட்ச் ஆய்வு, அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்று 1997இல் சொன்னதும் தெரிந்ததே. மது தொடர்பான சிக்கலுக்கு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் 5.7 கோடிப் பேர், மதுச் சார்பு உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவதொரு உதவி பெறுகிறார் என்கிறது 2019இன் தேசிய ஆய்வறிக்கை. இவற்றை அமர்வுகள் விரிவாகப் பேசும். நான் நேராக ஒரு விவாதத்துக்குள் போகிறேன்.

இந்த மாநாட்டுக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களில் அடிக்கடி தென்படும் பெயர் கோவா. அதற்கு அந்த ஆய்வு முழுத் தகுதி உடையது. அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் குழுவினர் 2017இல் லான்செட்டில் வெளியிட்டது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள், 377 ஆண்கள், அதிகபட்சம் நான்கு அமர்வுகள். பேசியவர்கள் மனநலப் பட்டம் எதுவும் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண மனிதர்கள். மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் அமர்வுகள் பெற்ற பிரிவில் 36 விழுக்காடு, ஒப்பீட்டுப் பிரிவில் 26. ஆனால் குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் அளவுகோலில் 12 முதல் 19 வரை வந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். இருபதும் அதற்கு மேலும் வந்தவர்கள், அதாவது காலையில் கை நடுங்க எழுந்து கடை திறக்கும் நேரத்துக்காகக் காத்திருப்பவர்கள், அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்கும் நான்கு அமர்வு போதும் என்று அதை மேற்கோள் காட்டித் திட்டம் வகுப்பது அந்த ஆய்வாளர்களுக்குச் செய்யும் அநீதி. நோயாளிக்குச் செய்வது அதைவிடப் பெரிய அநீதி.

மதுச் சார்பு முற்றிய மனிதருக்கு என்ன வேண்டும் என்பதை 1973லேயே ஆய்வாளர்கள் ஹண்ட், அஸ்ரின் இருவரும் காட்டிவிட்டார்கள். இடம் இல்லினாய் மாநிலத்தின் அன்னா அரசு மருத்துவமனை. எண்ணிக்கை பதினாறு பேர்தான். எட்டுப் பேருக்கு வேலை தேடிக் கொடுத்தார்கள். மனைவியையும் உட்காரவைத்துக் குடும்பப் பூசலைப் பேசித் தீர்த்தார்கள். குடும்பம் இல்லாதவருக்கு, விருந்துக்கு அழைத்து வீட்டு வேலையில் கைகொடுக்கச் சொல்லும் ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார்கள். பழைய மதுக்கடை ஒன்றையே மது இல்லாத மனமகிழ் மன்றமாக மாற்றினார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் குடித்த நாட்கள் 14 விழுக்காடு. மற்ற எட்டுப் பேருக்கு 79. வேலையில்லாத நாட்கள் 5 விழுக்காடு, மற்றவர்களுக்கு 62. இந்த ஆய்வை வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருக்கிவிட்டோம்.

நம் மண்ணிலேயே அதற்கு இணையான ஒரு பணி நடந்தது. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அறக்கட்டளை, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. நோயாளியை நகரத்துக்கு வரவழைக்கவில்லை. உள்ளூர் அமைப்பொன்று பொறுப்பேற்றது. குடும்பத்தாரும் சிகிச்சையில் பங்குகொண்டார்கள். பின்தொடர்தலும் அந்த வட்டாரத்திலேயே நடந்தது. அடிக்‌ஷன் இதழில் 1994இல் அது கட்டுரையாக வந்தது. ஐந்தே பக்கம். இங்கே வந்திருக்கும் சுருக்கங்கள் எதிலும் அதன் பெயர் இல்லை.

முன்பு ஒரு கருத்தரங்கில் நான் பெரிதும் மதிக்கும் அறிஞர் ஒருவர், மஞ்சக்குடி தொண்டு, ஆய்வு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். அன்று நேரம் கருதிப் பதில் சொல்லவில்லை. இன்று பணிவோடு சொல்கிறேன். ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது உண்மை. ஆகவே எத்தனை விழுக்காடு பலன் என்று அதை வைத்து வாதிட மாட்டேன். ஆனால் யார் இடம் கொடுப்பது, யார் சமைப்பது, முகாம் முடிந்து ஊர் திரும்பியவரை யார் போய்ப் பார்ப்பது என்ற கேள்விகளுக்குச் சீரற்ற ஒதுக்கீடு விடை சொல்லாது. அவற்றுக்கு விடை செய்து பார்த்தவர்களிடம்தான் கிடைக்கும். அளவிடப்படவில்லை என்பதற்காக ஒரு பணியை நூற்பட்டியலிலிருந்தே நீக்குவது அறிவியல் கறார்த்தனம் ஆகாது.

ஊர் திரும்பிய பின் என்ன நடக்கிறது என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். நான் பின்தொடர்ந்த கொத்தனார் ஒருவர் சிகிச்சை முடித்து நன்றாகத்தான் ஊர் திரும்பினார். அவருடைய கண்டம் சனிக்கிழமை மாலை. கையில் வாரக் கூலி. கூட வேலை பார்ப்பவர்கள் ‘கட்டிங்’ போட ஆள் சேர்க்கும் நேரம். வீட்டுக்குப் போகும் வழியில் டாஸ்மாக். எங்கள் மையத்தில் மறுக்கும் திறனுக்கு ஒத்திகை பார்த்திருந்தோம். அவர் மனைவி அதற்கு மேலே போனார். மேஸ்திரியிடம் பேசி, கணவர் சம்மதத்தோடு, கூலியைச் சனிக்கிழமைக்குப் பதிலாகத் திங்கள் காலையில் தரும்படி மாற்றினார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மச்சான் வண்டியோடு வேலையிடத்தில் வந்து நிற்பார். சூழலைத் திருத்தி அமைப்பது என்று அஸ்ரின் சொன்னதை எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு பெண் செய்தார். அவருக்கு நாம் கைகொடுக்கும் திட்டம் எங்கே?

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மகளிர் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. குடும்பத்தாரைப் பயிற்றுவித்தால், சிகிச்சைக்கு மறுப்பவரும் வருவார் என்பதற்கு மில்லர், மேயர்ஸ், டோனிகன் 1999இல் சான்று தந்தார்கள். பயிற்சி பெற்ற குடும்பங்கள் 64 விழுக்காட்டினரைச் சிகிச்சைக்கு அழைத்துவந்தன. நேருக்கு நேர் கூட்டி வற்புறுத்தும் முறையில் 30தான். ஆளும் இருக்கிறார்கள், முறையும் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பதுதான் நம் வேலை.

எனவே கட்டுரை படிக்கப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை அமர்வு நடந்தது, எத்தனை நாள் குடிக்கவில்லை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் எத்தனை நாள் வேலைக்குப் போனார், எத்தனை மாலை வீட்டில் இருந்தார், கூலி யார் கைக்குப் போனது என்பதையும் சொல்லுங்கள். குறித்து வைக்கவில்லை என்றால் அடுத்த மாநாட்டுக்குள் குறிக்கத் தொடங்குங்கள். மஞ்சக்குடிக் கட்டுரையின் படிகள் வரவேற்பு மேசையில் இருக்கின்றன. மதிய உணவுக்கு முன் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.