தகவற் களஞ்சியமும் பிளாஷ் நினைவகமும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் திருகோணமலைத் துறைமுகம் பெருங் கப்பல்களையும் ஏற்கும் ஆழமுடையது. ஆயினும், பண்டகசாலையில் பொருள் எடுத்துத் தர ஒருவரே நின்றால் கப்பல் காத்துக் கிடக்கத்தானே வேண்டும்? வங்கிகள் முதலியவற்றின் தரவுத்தளங்களும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தன. கணினி விரைந்தது, காந்தத் தட்டோ பின்தங்கியது. நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் தட்டுக்கும் ஒரு சுற்றுக்கு 4 மில்லிசெக்கன் வேண்டும். படிக்கும் கை இடம் மாறவும் நேரம் செல்லும். ஆதலால் சிதறிக் கிடக்கும் பதிவுகளில், செக்கனுக்கு ஏறக்குறைய 200 தான் கிட்டும்.

ஜப்பானியப் பொறியியலாளர் புஜியோ மசுவோகா, தோஷிபா நிறுவனத்தில் உருவாக்கிய பிளாஷ் நினைவகத்தை 1984இல் உலகுக்கு அறிவித்தார். இதில் சுழல்வதும் அசைவதும் இல்லை. நுண்ணிய கலங்களில் தங்கும் மின்னேற்றமே எழுத்து. ஆகவே இன்று செக்கனுக்குப் பல்லாயிரம் பதிவுகளைப் படிக்க முடிகிறது.

எனினும், விரைவு வேறு, பாதுகாப்பு வேறு என்பதை நாம் மறத்தலாகாது. அழித்தெழுத அழித்தெழுத இக்கலங்கள் தேயும். தட்டாயினும் பிளாஷ் ஆயினும், நகல் இல்லாத ஏடு நிலையற்றது. 2023இல் நம் நாட்டின் அரச மேகக்கணிமை கப்பம் கோரும் தீநிரலால் தாக்குண்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் நகலின்றி அழிந்தன.

கணினித் துறையில் புக விரும்பும் இளைஞராகிய நாம், வேகமான கருவியை நாடுமுன் நகலெடுக்கும் ஒழுக்கத்தைப் பழகுவோமாக.