கடல்பாசியும் கால்வாய்ப் பாசியும்



போன மாதக் கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "நோன்புக்குக் கடல்பாசியைக் காசு கொடுத்து வாங்குறோம். பாளையங்கால்வாய்ல சும்மா கிடக்கிற பாசியை அள்ளிக் காயவச்சு வித்தா என்ன?" எல்லாரும் சிரிச்சோம். ஆனா நல்ல கேள்வி.

கால்வாயிலும் குளத்திலும் நூல் நூலாக மிதப்பது பச்சைப்பாசி. காய்ச்சினா உறையாது. சாக்கடை கலக்கிற இடத்துல இன்னும் அதிகமாத் தழைக்கும். தண்ணி மேல பெயிண்ட் ஊத்தின மாதிரி படர்ற நீலப்பச்சைப் பாசியில் சிலது விஷம், ஆடு மாட்டைக் குடிக்க விடாதீங்க. அந்த இனத்துலயே நல்லதும் உண்டு. வயல்ல காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு நெல்லுக்குக் கொடுக்கும். மாத்திரையா விக்கிற சுருள்பாசியும் அந்த இனம்தான், ஆனா அதைச் சுத்தமான தொட்டியில வளர்க்கணும்.

நம்ம கடல்பாசி வர்றது கடல்ல வளரும் சிவப்புப்பாசியில் இருந்து. ராமநாதபுரம் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்பார்கள். மரிக்கொழுந்து பாறையிலும் செத்த பவளக்கல்லிலும் ஒட்டி வளரும். அதைக் காய்ச்சி வடிச்ச சத்தைத்தான் நாம இழை இழையா வாங்குறோம். ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறைஞ்சிடும். ஜெலட்டின் மாதிரி எலும்பிலோ தோலிலோ எடுப்பதல்ல, பயப்படாமச் சாப்பிடலாம். கட்டக்கோரைன்னு பழுப்புப்பாசி ஒண்ணு இருக்கு. அதுல எடுக்கிற பசை துணியில சாயம் அச்சடிக்கப் போகுது. தறிக்கார ஊர்ல இதையும் சொல்லணும்ல!

இந்தப் பாசியைப் பறிப்பது பெண்கள். விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, மூச்சடக்கி முங்கி, கையாலே பறிக்காங்க. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆனபிறகு, அந்தப் பக்கம் போகவே தடை, கெடுபிடி. அவங்க ஓய்ஞ்சு போகல. கூட்டமைப்பாச் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டாங்க: மாசத்துல 12 நாள்தான் பறிப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்துல 45 நாள் கடலுக்கே போறதில்லை, இரும்புச் சுரண்டி கூடாது. கூலிக்காரி வருமானத்தைத் தானே குறைச்சுக்கிறது லேசா? பீடி சுத்துற நமக்கு அது தெரியும். அந்தக் கூட்டமைப்பை நடத்திய பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தாங்க.

என் யோசனை இதுதான். நோன்புக்கு முன்னாடியே கடல்பாசியை நம்ம கூட்டமைப்பு மொத்தமா வாங்கிப் பொட்டலம் போட்டு, குழுக்களுக்குக் கொடுக்கலாம். எந்தக் குழுவுக்கு எத்தனை வேணும்னு ஊக்குநர்கிட்ட எழுதிக் கொடுங்க.