நண்பர்க்கு ஒதுக்கிய இடம்



பிரிவால் நேரும் தனிமை நம் அகப்பாடல்களில் நிறைந்து கிடக்கிறது. ஒருவர் தாமே விரும்பி மேற்கொண்ட தனிமையையும், அத்தனிமைக்குள் யாரை உடன்கொள்வது என்னும் தெரிவையும் ஒருங்கே காண விழைவோர் புறநானூற்றின் 212 முதல் 223 வரையுள்ள பாடல்களைத் தொடர்ச்சியாகப் படித்தல் வேண்டும். பாடநூல்கள் இவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, ‘காணா நட்பு’ என்று பெயரிட்டு முடித்துவிடுகின்றன. முழுதும் படிப்பவர்க்கு அந்த நட்பின் அருகிலேயே வேறொருவரின் கண்ணீரும் தென்படும்.

உறையூர் வேந்தன் கோப்பெருஞ்சோழனுக்கு எதிராக அவன் மக்கள் இருவர் எழுந்தனர். சினந்து போருக்குப் புறப்பட்டவனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். வென்றால் இச்செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய், தோற்றால் உன்னை இகழ்வோர் அல்லரோ மகிழ்வர் என்று கேட்டார். போர் தவிர்ந்தது. மன்னன் ஆற்றிடைக்குறையில், மரத்தின் புள்ளி நிழலில், உண்ணாது வடக்கிருந்தான்.

இதனைச் சமணர் போற்றும் சல்லேகனையோடு ஒன்றாக வைத்துப் பேசுவோர் உளர். ஒப்புமை இல்லாமல் இல்லை. வடக்கிருக்கும்போது மன்னன் பாடிய பாடல், நல்வினையின் பயனையும் பிறவாமையையும் எண்ணிப் பார்க்கிறது. ஆயினும் தத்துவார்த்த சூத்திரம் சல்லேகனைக்குரிய ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக மித்திரானுராகத்தை, அதாவது நண்பர்பால் கொள்ளும் பற்றினைக் கூறுகிறது. கோப்பெருஞ்சோழனோ நண்பருக்காகக் காத்திருந்தான்! நோன்பின் இலக்கணப்படி குறையாகும் அப்பற்றே இப்பாடல்களின் உயிராக நிற்கிறது. சோழன் மேற்கொண்டது வேந்தர்க்குரிய வழக்கு; துறவோர் நெறியின் அளவுகோலால் அதனை அளப்பது இரண்டுக்கும் நீதி செய்வதாகாது.

அவன் காத்திருந்தது பிசிராந்தையாருக்காக. அவர் பாண்டிய நாட்டவர். உங்கள் மன்னன் யார் என வினவினால், கோழியூர்ச் சோழனே என்று விடை பகர்பவர். குமரித் துறையிலிருந்து வடக்கே பறக்கும் அன்னத்திடம், ஆந்தையின் அடிமை என்று சொன்னால் சோழன் உன் பேடைக்கு அணிகலன் தருவான் என்று கூறிவிட்டவர். உலகை வெறுத்து ஒதுங்கியவர் அல்லர் அவர். ஆண்டு பல ஆகியும் நரையில்லாதது எங்ஙனம் என்று கேட்டவர்க்கு, மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன் என அடுக்கி, முடிவில் தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோரைக் காரணமாகக் காட்டினார். தக்காரோடு வாழ்ந்து பழகியவர்க்கே தொலைவிலுள்ள தக்காரை இனங்காணவும் இயலும் போலும்.

இருவரும் நேரில் கண்டதே இல்லையே, அவர் வருவது அரிது என்று சூழ நின்றோர் ஐயுற்றனர். மன்னன் ஐயுறவில்லை. தம் பெயரைச் சொல்லுங்கால் என் பெயரையே தம் பெயராகச் சொல்பவர் அவர், வருவார், அவருக்கு இடம் விட்டு வையுங்கள் என்றான். அவரும் வந்தார். பொன்னும் பவளமும் முத்தும் மணியும் வெவ்வேறிடத்துப் பிறந்தும் ஓர் அணியில் சேர்வதுபோலச் சான்றோர் சான்றோரையே சேர்வர் எனக் கண்ணகனார் வியந்தார். நட்புக்கு நெடுநாள் பழக்கம் வேண்டா எனும் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகரும் இவ்விருவரையே சான்று காட்டுகிறார். நாலடியாரில் ‘நட்பாராய்தல்’ பயின்றவர்க்கு இங்கு ஒரு வினா எழலாம். பாராமலே ஆராய்வது எப்படி? பாடல் வழியாகத்தான். அன்னத்திடம் சொல்லிவிட்ட சொல்லைக்காட்டிலும் ஒருவர் உள்ளத்துக்குச் சான்று வேறு என்ன வேண்டும்?

தெரிவு என்றாலே விடுபட்டோரும் இருப்பர். கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார் பின்னரே வந்தார்; பலர் உடனிருக்க, என்னை மட்டும் வெறுத்தனையோ என்று நொந்து பாடினார்.

பொத்தியார் நிலையோ இன்னும் கொடிது. அவர் மன்னனின் அருகிலேயே வாழ்ந்தவர். ஆந்தையாரே தம் பாடலில் அவர்தம் குறையற்ற நட்பைப் போற்றியிருக்கிறார். அத்தகையவரை, உன் மனைவிக்கு மகன் பிறந்தபின் வா எனச் சொல்லி மன்னன் திருப்பி அனுப்பினான். காணாதவருக்கு இடம்; கண்டு பழகியவருக்கு ஆணை! கொடுமை எனத் தோன்றும். ஆனால் பிறக்கவிருந்த குழந்தைக்குத் தந்தை வேண்டும் என்பதைத் தன் மக்களால் நொந்த அத்தந்தை மறக்கவில்லை. உறையூர் திரும்பிய பொத்தியார், யானை இறந்தபின் அதன் வெறுங் கட்டுத்தறியைக் கண்டு கலங்கும் பாகனைப்போல அழுதார்.

மகன் பிறந்தான். பொத்தியார் மீண்டும் வந்தபோது மன்னன் நடுகல்லாகிவிட்டிருந்தான். எனக்குரிய இடம் எது என்று அக்கல்லிடம் கேட்டார். அடுத்த பாடலில், கல்லாகிய பின்னும் தமக்கு இடம் தந்தனன் என்று பாடுகிறார்.